பட்டத்தின் பெயரும் விதியின் வார்த்தையும்: எம்.எஸ்சி. மருந்து வேதியியலுக்குப் பிறகு

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி. மருந்து வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் மே மாதம் படிப்பு முடிகிறது. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லை. "மருந்துப் படிப்புதானே, ஊரிலேயே மெடிக்கல் ஷாப் வைக்கலாமே" என்கிறார் அப்பா. எம்.பார்ம். சேர்ந்தால் டிரக் இன்ஸ்பெக்டர் ஆகிவிடலாம் என்கிறார் சித்தப்பா. துறைத்தலைவர் நெட் எழுதி பிஎச்.டி. போகச் சொல்கிறார். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் கியூ.சி. (தரக்கட்டுப்பாடு) வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. ஆனால் இரண்டு வருட பாண்டு, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட வேண்டுமாம். இதற்கு நடுவில் ஜெர்மனி போகலாம் என்று ஒரு கன்சல்டன்சியிலிருந்து தினமும் போன். நான் எதை எடுப்பது?
வாசகி, அறந்தாங்கி

பதில்:

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பட்டத்தின் பெயரில் 'மருந்து' என்ற சொல் இருக்கிறது. கேட்பவர்கள் எல்லோரும் அதை பார்மசி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. மருந்துத் துறையில் பல பதவிகளுக்கு யார் தகுதியானவர் என்பது விதிகளில் எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருக்கிறது. அந்த வார்த்தைகளோடு உங்கள் சான்றிதழை ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதை முதலில் செய்துவிடுவோம்.

அப்பா சொல்லும் மெடிக்கல் ஷாப். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் கடையில், பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடிக் கண்காணிப்பில்தான் மருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பதிவு 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி டி.பார்ம்., பி.பார்ம்., பார்ம்.டி. படித்தவர்களுக்குத்தான். எம்.எஸ்சி. மருந்து வேதியியலை வைத்துப் பதிவு கிடைக்காது. நீங்கள் முதலாளியாக இருந்து, மருந்தாளுநர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக் கடை நடத்தலாம், சட்டம் தடுக்காது. ஆனால் சான்றிதழை மட்டும் வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, ஆள் இல்லாமல் கடை நடத்தும் வழக்கத்துக்குள் போய்விடாதீர்கள். அது குற்றம், ஆபத்தும்கூட. கடைதான் வேண்டும் என்பது உங்கள் சொந்த விருப்பமாக இருந்தால் டி.பார்ம். இரண்டு ஆண்டும், அதன்பின் மூன்று மாதத்துக்குக் குறையாத 500 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும், அது நேர்வழி. மொத்த வியாபாரம் என்றால் கதை வேறு. மொத்த விற்பனை உரிமத்துக்கு, ஏதேனும் ஒரு பட்டமும் மருந்து வணிகத்தில் ஓராண்டு அனுபவமும் உள்ளவர் பொறுப்பாளராக இருக்கலாம் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 64ஆம் விதி சொல்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அறந்தாங்கியில் ஓர் ஏஜென்சி எடுப்பது உங்களால் முடிகிற காரியம்.

சித்தப்பா சொல்லும் எம்.பார்ம்.முக்கு பி.பார்ம். கட்டாயம். எம்.எஸ்சி.யிலிருந்து குறுக்குவழி கிடையாது. எம்.பார்ம். சேர்வதற்கான ஜிபேட் தேர்வும் பி.பார்ம். படித்தவர்களுக்கானது. டிரக் இன்ஸ்பெக்டர் பதவிக்கு அதே மருந்து விதிகளில் 49ஆம் விதி கேட்பது பார்மசி அல்லது பார்மசூட்டிகல் சயின்சஸ் பட்டம். இல்லையென்றால் கிளினிகல் பார்மகாலஜியிலோ நுண்ணுயிரியலிலோ சிறப்புப் பயிற்சியுடன் மருத்துவப் பட்டம். 'மருந்து வேதியியல்' என்ற சொல் அங்கே இல்லை. அதற்காக இந்த வயதில் நான்கு வருட பி.பார்ம்.முக்குத் திரும்புவது வேண்டாம் என்பேன். நான்கு ஆண்டு படித்து, அதன்பின் எப்போது வரும் என்று தெரியாத அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் சித்தப்பாவுக்குத் தெரியாத ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 44ஆம் விதி 'அரசு ஆய்வாளர்' பதவி பற்றிப் பேசுகிறது. இன்ஸ்பெக்டர் கடையிலிருந்து எடுத்து அனுப்பும் மருந்து மாதிரியைச் சோதித்து, தரமானதா இல்லையா என்று கையெழுத்துப் போடுபவர் அவர்தான். அங்கே மருத்துவம், அறிவியல், பார்மசி, மருந்து வேதியியல் என நான்கும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. முதுநிலைப் பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் மருந்துச் சோதனையில் அனுபவம் வேண்டும். எந்தக் கூடத்தில் என்பதையும் விதி சொல்கிறது: அரசு ஆய்வாளரின் கீழ் இயங்கும் கூடமாகவோ, அரசு இதற்கென ஏற்றுக்கொண்ட கூடமாகவோ இருக்க வேண்டும். ஆகவே வேலைக்குச் சேருமுன் அந்த லேபின் அங்கீகாரத்தைக் கேளுங்கள். பிற கம்பெனிகளுக்காகச் சோதனை செய்து தரும் தனியார் கூடங்களுக்குப் படிவம் 37 என்ற ஒப்புதல் உண்டு, கேட்டால் காட்டுவார்கள். அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்தின் இளநிலைப் பகுப்பாய்வாளர் பதவியையும் டி.என்.பி.எஸ்.சி. நிரப்புகிறது. அறிவிப்பு வரும்போது தகுதிப் பத்தியில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

தொழிற்சாலையிலும் இப்படியொரு விதி உண்டு. மருந்து தயாரிப்பை மேற்பார்வை செய்யும் 'தகுதியான தொழில்நுட்ப ஊழியர்' யார் என்று 71ஆம் விதி வரையறுக்கிறது. பார்மசி அல்லது மருந்து வேதியியல் பட்டதாரிக்கு 18 மாதத் தயாரிப்பு அனுபவம் போதும். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரிக்கு மூன்று ஆண்டு. உங்கள் இளநிலை வேதியியல் என்பதால் மூன்று ஆண்டு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறைத்துக் கொடுத்தால் லாபம். கம்பெனிகளில் 'அப்ரூவ்டு கெமிஸ்ட்' என்று சொல்வது இந்த ஒப்புதல் பெற்றவரைத்தான். அந்த ஒப்புதல் வந்தபின் உங்களுக்குச் சந்தையில் மதிப்பே வேறு. இதில் பலரும் கோட்டைவிடுவது அனுபவச் சான்றிதழில். 'எங்களிடம் மூன்றாண்டு பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்' என்று எழுதிய தாளை வைத்து ஒன்றும் நடக்காது. எந்தப் பிரிவு, மாத்திரையா, கேப்ஸ்யூலா, ஊசிமருந்தா, மூலப்பொருளா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, தயாரிப்பிலா சோதனையிலா என்பது அதில் இருக்க வேண்டும். வேலையை விடும் நாளில் கேட்டால் எழுதித் தர மாட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே பிரிவின் பெயர் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கியூ.சி. வேலை. அதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் 2025 அக்டோபரை நினைவுபடுத்துங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு குழந்தைகள் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் இருந்ததாகத் தமிழக அரசின் கூடம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்புக்குக் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் டிரம் உள்ளே வரும்போது அதிலிருந்து மாதிரி எடுத்து, கேஸ் குரோமட்டோகிராபியில் ஏற்றி, டைஎத்திலீன் கிளைக்கால் இடத்தில் பீக் வருகிறதா என்று பார்ப்பது ஒரு கெமிஸ்டின் ஒரு நாள் வேலை. சப்ளையர் அனுப்பிய பகுப்பாய்வுச் சான்றை நம்பி அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தியதற்கு விலை குழந்தைகளின் உயிர். பத்து டிரம் வந்தால் பத்திலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு டிரம்மில் மட்டும் தொழிற்சாலைத் தரச் சரக்கு கலந்து வந்திருக்கலாம். இதை வற்புறுத்திச் செய்பவர்தான் நல்ல கியூ.சி. கெமிஸ்ட்.

அன்றாடத்தில் நீங்கள் கைவைக்கப்போவது பெரும்பாலும் எச்பிஎல்சி, அதாவது கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி. 250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம், 5 மைக்ரான் துகள் கொண்ட சி18 காலம் (column, பொருள்களைப் பிரிக்கும் குழாய்), பாஸ்பேட் பஃபரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த மொபைல் ஃபேஸ் (குழாய் வழியே ஓடும் கரைப்பான்), நிமிடத்துக்கு ஒரு மி.லி. ஓட்டம் என்பது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆரம்ப அமைப்பு. நேர்முகத்தில் இதை ஒப்பித்தால் மதிப்பெண் இல்லை. அடுத்து ஒரு கேள்வி வரும்: "காரத்தன்மையுள்ள மருந்து, டெயிலிங் ஃபேக்டர் (பீக்கின் வால் நீளும் அளவு) 2.3 வருகிறது, வரம்பு 2.0, என்ன செய்வீர்கள்?"

படித்த பிள்ளைகள் உடனே, சிலிக்காவில் மிச்சமிருக்கும் சிலனால் குழுக்கள் அமீனைப் பிடித்துக்கொள்கின்றன, பிஎச்சை 3 அளவுக்கு இறக்கினால் சரியாகும், அல்லது டிரைஎத்திலமீன் சேர்க்கலாம் என்பார்கள். வேதியியல் சரிதான். ஆனால் கியூ.சி. லேபில் ஒப்புதல் பெற்ற மெத்தடை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. பார்மகோபியா என்ற மருந்துத் தர நூல் அனுமதிக்கும் எல்லைக்குள் மட்டுமே சரிசெய்யலாம். எனவே சொல்ல வேண்டிய விடை வேறு. பஃபரின் பிஎச்சை அசிட்டோநைட்ரைல் கலப்பதற்கு முன் பார்த்தார்களா, கலந்தபின் பார்த்தார்களா என்று பதிவேட்டில் பார்ப்பேன். மாதிரியைக் கரைத்த கரைப்பான் மொபைல் ஃபேஸைவிட வலுவானதா என்று பார்ப்பேன். காலம் இதுவரை எத்தனை இன்ஜெக்‌ஷன் கண்டிருக்கிறது, கார்டு காலம் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிஸ்டம் சூட்டபிலிட்டி, அதாவது கருவி சோதனைக்குத் தயாரா என்ற முன்சோதனை, தவறியதால் அந்த ஓட்டத்தில் மாதிரியின் முடிவை எடுக்க மாட்டேன், காரணத்தை எழுதி மேலாளரிடம் சொல்வேன். இப்படிச் சொல்லும் எம்.எஸ்சி. மாணவியைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

இன்னொன்றும் கைப்பழக்கமாக வேண்டும். வேலை முடிந்ததும் பாஸ்பேட் பஃபர் ஓடிய காலத்தில் நேராக அசிட்டோநைட்ரைலை ஏற்றிவிடக் கூடாது. உப்பு வீழ்படிவாகி காலத்தையும் பம்ப் சீலையும் அடைத்துவிடும். மறுநாள் காலை அழுத்தம் எகிறும். முதலில் தண்ணீர் அதிகமுள்ள கலவையை, 90க்கு 10 என்ற கணக்கில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு மெத்தனாலுக்குப் போக வேண்டும்.

முடிவு வரம்புக்கு வெளியே வந்தால் அதற்கு முறையான விசாரணை உண்டு. யாராவது "இன்னொரு தடவை இன்ஜெக்ட் பண்ணு, நல்லதை மட்டும் பிரின்ட் எடு" என்று சொன்னால் செய்யாதீர்கள். கருவியின் மென்பொருள் ஒவ்வொரு இன்ஜெக்ஷனையும் நேரத்தோடு பதிந்துவைத்திருக்கும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்ததும் முதலில் திறப்பது அந்தப் பதிவைத்தான். கீழே கையெழுத்து உங்களுடையதாக இருக்கும்.

கியூ.சி.யின் குறை என்ன என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூன்று ஷிஃப்ட் இருக்கும். இரண்டு வருடம் ஒரே மாத்திரையின் அசேயும் (மருந்தின் அளவு) டிசல்யூஷனும் (கரையும் வேகம்) மட்டுமே செய்துகொண்டிருந்தால் கை ஓடும், மூளை நின்றுவிடும். அங்கே தங்கிவிடாமல் பகுப்பாய்வு முறை உருவாக்கும் பிரிவுக்கு, அதாவது ஏ.ஆர்.டி.க்கு, நகர வேண்டும். 2018இல் வல்சார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமீன் மாசு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு உலகம் முழுக்க இந்தப் பிரிவின் வேலை பெருகிவிட்டது. என்டிஎம்ஏவுக்கு ஒரு நாள் வரம்பு 96 நானோகிராம். அதைச் சாதாரண யூவி டிடெக்டர் பிடிக்காது. எல்சி-எம்எஸ் அல்லது ஜிசி-எம்எஸ் வேண்டும். அந்தக் கருவியை இயக்கத் தெரிந்தவரும், எந்த வினையில் நைட்ரைட்டும் இரண்டாம்நிலை அமீனும் சந்திக்கும் என்று மருந்தின் தயாரிப்பு ரூட்டைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருப்பது அரிது. உங்கள் படிப்பு இரண்டையும் தொடுகிறது. உங்கள் இடத்தில் நான் குறிவைப்பது இதைத்தான்.

ஆர்கானிக் சிந்தசிஸில் ஆசை இருந்தால் ஊர் மாற வேண்டும். வேலை ஹைதராபாத்திலும் பெங்களூரிலும், மூலப்பொருள் தயாரிப்பு விசாகப்பட்டினம் பரவாடாவிலும் இருக்கிறது. நம் பக்கத்தில் கடலூரும் புதுச்சேரியும் உண்டு. சின்ஜீன், அராஜென், சாய் லைஃப் போன்ற ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்கள் எம்.எஸ்சி. முடித்தவர்களை ஃபியூம் ஹுட் முன்னால் நிறுத்துகின்றன. நேர்முகம் வெள்ளைப் பலகையில் நடக்கும்: சுசுகி வினையின் சுழற்சியை வரையச் சொல்வார்கள், பாதுகாப்புக் குழுவை எதில் எடுப்பீர்கள் என்பார்கள். "லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு வினையை எப்படிக் குவென்ச் செய்வீர்கள் (பாதுகாப்பாக நிறுத்துவீர்கள்)?" என்பது அடிக்கடி வருவது. ஐஸ் குளியலில் குளிரவைத்து, ஒரு கிராம் ஹைட்ரைடுக்கு ஒரு மி.லி. தண்ணீரைத் துளித்துளியாக, பிறகு ஒரு மி.லி. 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு மூன்று மி.லி. தண்ணீர். இந்த வரிசையில் போனால் வடிகட்ட ஏதுவான வெள்ளைக் குருணை கிடைக்கும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹைட்ரஜன் பொங்கித் தீப்பிடிக்கும், தப்பினாலும் வடியாத ஜெல் மிஞ்சும். "இதையே ஐந்து கிலோவில் செய்தால்?" என்று அடுத்து கேட்பார்கள். பாத்திரம் பெரிதாகும்போது கொள்ளளவு கூடும் வேகத்துக்குப் பரப்பு கூடுவதில்லை, வெப்பம் வெளியேற வழியில்லை, அதனால் சேர்க்கும் நேரத்தை மணிக்கணக்கில் நீட்ட வேண்டும் அல்லது வேறு ஒடுக்கியைத் தேட வேண்டும் என்பது பதில்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கல்லூரி லேபில் இதை யாரும் சொல்வதில்லை. நீல நைட்ரைல் கையுறை டைகுளோரோமீத்தேனைச் சில நிமிடம்கூடத் தடுக்காது. சிந்தியதும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுங்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெகுலேட்டரி அஃபேர்ஸ் என்பது மருந்துப் பதிவுக் கோப்பு தயாரிக்கும் வேலை. கோப்பு ஐந்து தொகுதிகள் கொண்டது. மூன்றாவதான தரத் தொகுதியை எழுத வேதியியல் தெரிந்தவர் வேண்டும். ஆனால் லேபில் இரண்டு வருடமாவது நின்றவரைத்தான் விரும்புவார்கள், அது நியாயம். காப்புரிமை வேலை வாசிப்பில் நாட்டமுள்ளவர்களுக்கு. எந்த அறிவியல் பட்டதாரியும் 21 வயது முடிந்தால் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதலாம். ஏற்கெனவே தெரிந்த மருந்தின் உப்பை மட்டும் மாற்றி மறுபடி காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவையும், 2013இல் உச்ச நீதிமன்றம் கிளிவெக் வழக்கில் தந்த தீர்ப்பையும் படித்துப் பாருங்கள்; சுவையாக இருந்தால் அது உங்களுக்கான வேலை. மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸில் பார்மசி படித்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

துறைத்தலைவர் சொல்லும் நெட்டுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. அந்தத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. புதிதாகச் சேரும் கியூ.சி. கெமிஸ்டின் சம்பளத்தைவிட அது பல இடங்களில் அதிகம். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. ஆக உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

சிக்கல் பாடத்திட்டத்தில். சிஎஸ்ஐஆர் நெட் வேதியியல் தாள் முழு வேதியியல் எம்.எஸ்சி.க்காக எழுதப்பட்டது. உங்கள் இரண்டு வருடத்தில் பார்மகாலஜியும் மருந்தாக்கமும் பிடித்துக்கொண்ட இடத்தில், மற்ற மாணவர்கள் குவாண்டம் வேதியியலும் குழுக் கொள்கையும் ஆர்கனோமெட்டாலிக்கும் படித்திருப்பார்கள். ஆனால் தாளின் அமைப்பு உங்களுக்குச் சாதகம். மொத்தம் 200 மதிப்பெண். முதல் பகுதி பொதுத்திறன், 20இல் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். இரண்டாவதில் 40இல் 35, மதிப்பெண் 70. நூறு மதிப்பெண்ணுக்கான மூன்றாவதில் 60 கேள்வியில் 25 மட்டும். அதாவது பாதிக்கு மேல் தொடாமலே விடலாம். ஆர்கானிக், நிறமாலையியல், பகுப்பாய்வு, வினைவேகவியல், அணைவுச் சேர்மங்கள் ஆகியவற்றில் ஆழமாகப் போங்கள். இரண்டாம் பகுதியில் மட்டும் கேள்விகளை விட்டுவிட அதிக இடம் இல்லை; அதற்காகக் குழுக் கொள்கையிலும் குவாண்டத்திலும் அடிப்படைக் கணக்குகளாவது போடப் பழகுங்கள். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால்பங்கு போகும். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் இந்தத் தேர்வோடு பிப்ரவரியில் கேட் வேதியியலும் எழுதிவிடுங்கள்; அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

எங்கே பிஎச்.டி. செய்வது? மருந்து கண்டுபிடிப்பு வேதியியலுக்கு லக்னோ சிடிஆர்ஐ, ஹைதராபாத் ஐஐசிடி, புனே என்சிஎல் ஆகியவற்றைப் பாருங்கள். மொஹாலி, ஹைதராபாத், அகமதாபாத் முதலான ஏழு நைபர் நிறுவனங்களும் உண்டு. நைபர் விண்ணப்பத்தில் மறுபடி அந்தப் பெயர்ப் பிரச்சினை வரும். மருந்து வேதியியல் பிரிவுக்கு எம்.எஸ்சி.யில் 'ஆர்கானிக் கெமிஸ்ட்ரி' என்று கேட்பார்கள். உங்கள் மதிப்பெண் பட்டியலை இணைத்து, 'இது ஏற்கப்படுமா' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே எம்.எஸ்சி. கையில் இருக்க, இன்னொரு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை அங்கே தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பேராசிரியர் ஆவதுதான் நோக்கமென்றால் இரண்டு எச்சரிக்கை. பார்மசி கல்லூரியில் ஆசிரியராக பி.பார்ம்., எம்.பார்ம். கேட்கிறார்கள், உங்கள் பிஎச்.டி. அதை ஈடுகட்டாது. கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் துறைக்குப் போகலாம். ஆனால் அரசு வேலை என்று வரும்போது, உங்கள் பட்டம் எம்.எஸ்சி. வேதியியலுக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதற்காக வெளியேற்றப்படுவது கொடுமை. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ஈக்விவலன்ஸ் அரசாணையின் எண்ணும் தேதியும் கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்று சொன்னால், படிக்கும்போதே துறைத்தலைவர் வழியாக மனுக் கொடுங்கள். படித்து வெளியே போனபின் அந்த ஃபைலை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

ஜெர்மனி நல்ல இடம்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும், உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றும் வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம். இதற்குக் கன்சல்டன்சி தேவையில்லை. முக்கியமாக, அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. இரண்டாவது முதுநிலைக்காகக் கடன் வாங்கிப் போவதைவிட, இங்கே ஒரு நல்ல புராஜெக்டும் ஒரு வருட அனுபவமும் சேர்த்துக்கொண்டு பேராசிரியர்களுக்கு நேராக எழுதுவது மேல். எழுதும்போது அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்தப் பகுதியில் உங்கள் கைத்திறன் பயன்படும் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் நூறும் குப்பைக்குப் போகும்.

அந்தக் கம்பெனி வேலைக்கு என் பதில்: அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலை வைத்துக்கொள்ளட்டும். அசல் அவர்கள் பெட்டிக்குள் போனால் நெட் முடிவு வந்தாலும், வேறு வேலை வந்தாலும் கை கட்டப்பட்டுவிடும். அதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பாண்டு மட்டும் என்றால் யோசிக்கலாம். முன்கூட்டி விலகினால் எவ்வளவு, மாதம் செல்லச் செல்ல அது குறையுமா, உண்மையில் என்ன பயிற்சி தருகிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எந்த ஷிஃப்ட், இரவில் பேருந்து உண்டா, விடுதி எங்கே என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வேலை தர முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆலத்தூர் சிட்கோ பேட்டையிலேயே வேறு கம்பெனிகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட திருத்திய ஷெட்யூல் எம் என்ற தயாரிப்புத் தர விதிகள் காரணமாகச் சிறிய கம்பெனிகளும் சோதனைக்கூடத்தைச் சீர்படுத்தியாக வேண்டும்; அதற்கு ஆள் தேவைப்படும்.

ஆகவே என் வரிசை இது: அசலைக் கேட்காத ஒரு லேபில் கியூ.சி. வேலை, அதோடு இரண்டு நெட், ஒரு கேட். ஜேஆர்எஃப் வந்தால் பிஎச்.டி.; வராவிட்டால் இரண்டாம் ஆண்டு முடிவில் ஏ.ஆர்.டி.க்கு நகர்வு. வீட்டுச் சூழல் ஓராண்டு சம்பளமில்லாமல் தாங்கும் என்றால் வேலையைத் தள்ளிவைத்து முதலில் தேர்வு.

இதெல்லாம் மே மாதத்துக்குப் பிறகு. இப்போது உங்கள் கையில் இருப்பது புராஜெக்ட், அதைத்தான் யாரும் உங்களிடம் பேசவில்லை. பகுப்பாய்வுப் பக்கம் போவதென்றால் இரண்டு மருந்து சேர்ந்த ஒரு மாத்திரைக்கு எச்பிஎல்சி மெத்தடு உருவாக்கிச் சரிபார்க்கும் தலைப்பு கேளுங்கள். வழக்கமாக நடக்கும் தவறு இது: ஒரே ஸ்டாக் கரைசலிலிருந்து ஐந்து செறிவு எடுத்து, கோடு போட்டு, ஒட்டுறவுக் கெழு 0.999 என்று எழுதி முடித்துவிடுவார்கள். கோடு அச்சை வெட்டும் இடத்தை, அதாவது வெட்டுத்துண்டை, பார்க்க மாட்டார்கள். மீட்புச் சோதனையில் மாத்திரையின் மற்ற பொருள்கள் இல்லாமல் வெறும் மருந்தையே கரைத்துவிட்டு 99.8 சதவீதம் மீண்டது என்பார்கள். மருந்து மட்டும் இருந்தால் மீளாமல் எங்கே போகும்? மருந்து இல்லாத கலவை ஒன்று செய்து, அதில் 80, 100, 120 சதவீத அளவில் மருந்தைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று, ஆக ஒன்பது முடிவு எடுங்கள். அமிலத்திலும் காரத்திலும் பெராக்சைடிலும் மருந்தைச் சிதைத்து, ஐந்து முதல் இருபது சதவீதம் சிதைந்ததும் நிறுத்தி, சிதைந்த பொருளின் பீக் மருந்தின் பீக்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறதா என்று பிடிஏ டிடெக்டரில் பாருங்கள்.

சிந்தசிஸ் பக்கம் என்றால் பத்துச் சேர்மம் செய்வதைவிட நான்கு சேர்மத்தைச் சுத்தமாகச் செய்து, ஒவ்வொன்றின் புரோட்டான் என்எம்ஆரையும் நீங்களே முழுசாகப் படியுங்கள். டிஎம்எஸ்ஓவில் எடுத்த நிறமாலையில் 3.33இல் நிற்கும் அகன்ற பீக் தண்ணீர். அதை என்எச் என்று குறித்த ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன, நேர்முகத்தில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார்கள்.

தலைப்பு எதுவானாலும் கருவி உள்ள இடத்தில் செய்யுங்கள். உங்கள் கல்லூரியில் எச்பிஎல்சி மூடிக் கிடந்தால், கம்பெனியிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ செய்ய அனுமதிக் கடிதம் கேளுங்கள். டிசம்பருக்குள் கேட்டால்தான் ஜனவரியில் இடம் கிடைக்கும்.